வலை வழங்கியும் முகிற் சேவையும்

நம் சங்கத்தின் இணையத்தளம் எங்கே போயிற்று என்று கேளாத பழைய மாணவர் இலர். கொழும்பிலிருந்தும் இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வந்த கடிதங்கள் பலவற்றில் அவ்வினாவே முதற்கண் நின்றது. நிறைவு விழா மலரில் இதற்கு விடை எழுதுதல் நன்றென மலர்க்குழுவார் பணித்தமையின், நிகழ்ந்தது இதுவெனக் கூறுவதோடு, இனிச் செய்யத்தக்கது யாதென்பதையும் நாம் அறிந்தவளவில் விளக்கப் புகுந்தோம். கணினித்துறையில் நம்மினும் வல்லார் நம் சங்கத்தில் உளர். அவர்கட்கு இக்கட்டுரையிற் புதிதாக ஒன்றுமிராது. வழங்கி என்ற சொல்லைக் கேட்டு மயங்கும் ஏனையோர்க்கே இஃது எழுதப்பெற்றது.

முன்னைய தளத்தை அமைத்தவர் நம் கல்லூரியின் இளம் பழைய மாணவர் ஒருவர். ஒரு சதமும் பெறாது, இராக்காலங்களிற் கண்விழித்து, பிறநாட்டு நிறுவனமொன்றின் பொறியைத் தம் கடனட்டையில் வாடகைக்கு எடுத்து, வேண்டிய மென்பொருள்களை அதிலே தாமே நிறுவி, அத்தளத்தை நடத்தினார். பின்பு மேற்படிப்பின் பொருட்டுக் கடல் கடந்தார். தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் தானாகவே புதுப்பிக்கப்படுமாறு அவர் செய்திருந்த ஏற்பாடு ஏதோவொரு மென்பொருள் மாற்றத்தின்பின் நின்றுபோயிற்று. தளத்தைத் திறந்தவர்க்கெல்லாம் இணைய மேலோடிகள் எச்சரிக்கை காட்டின. நாம் அதனைப் பொருட்படுத்தினோமல்லோம். சில மாதங்களில் அவருடைய கடனட்டை காலாவதியாயிற்று. வாடகை நிலுவையைப் பற்றிய மடல்கள் ஒருவரும் திறவாத மின்னஞ்சற் பெட்டியிற் சென்று வீழ்ந்தன. ஈற்றிற் பொறி அழிக்கப்பட்டது. அதனோடு விளையாட்டுப் போட்டிகள், பரிசளிப்பு விழாக்கள், நாடக மேடையேற்றங்கள் ஆகியவற்றின் பழைய நிழற்படங்களும் போயின. அவற்றை வருடியெடுத்தபின் மூலப்படங்களை உரியவர்களிடமே திருப்பிக் கொடுத்திருந்தோம். அவர்களிற் சிலர் இன்று இலர்; சிலருடைய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன.

அவ்விளைஞர்மேற் குறையில்லை. ஒரு சங்கத்தின் சொத்தை ஒருவருடைய சட்டைப்பையில் வைத்துவிட்டு நாம் உறங்கினோம் என்பதே உண்மை.

இனி, வழங்கியாவது யாது? வேறு கணினிகள் கேட்கும் ஏடுகளை எடுத்து வழங்கும் கணினியும், அத்தொழிலைச் செய்யும் மென்பொருளும் வழங்கி எனப்படும். சேர்வர் என்று பேச்சிற் குறிப்பது இதனையே. உலகின் முதல் வலை வழங்கி 1990ஆம் ஆண்டின் இறுதியில், சுவிற்சலாந்தின் ஜெனீவா நகரையடுத்த சேர்ண் ஆராய்ச்சி நிலையத்தில், ரிம் பேர்ணஸ்-லீ என்பாருடைய மேசைக் கணினியில் இயங்கியது. இது வழங்கியாதலின் மின்னை நிறுத்தலாகாது என்று சிவப்பு மையில் எழுதிய சிறு தாளொன்று அதன்மேல் ஒட்டப்பட்டிருந்தது. வழங்கியொன்றை வைத்திருப்போர் இன்றும் அடையும் கவலை அனைத்தும் அத்தாளில் அடங்கியிருந்தது.

அமெரிக்காவின் இலினோய்ப் பல்கலைக்கழக நிலையமொன்றில் 1993இல் ஆக்கப்பெற்ற வழங்கி மென்பொருளுக்கு, அதனை ஆக்கியவர் அவ்விடத்தை விட்டு நீங்கியபின், பராமரிப்பார் இலராயினர். அதனைப் பயன்படுத்தியோர் ஆங்காங்கு தாம் செய்த திருத்தங்களை ஒன்றுகூட்டி 1995இல் வெளியிட்டதே அப்பாச்சி என்னும் வழங்கியாம். எவரும் விலையின்றிப் பெறலாம், திருத்தலாம். நெடுங்காலம் உலகத் தளங்களிற் பெரும்பாலானவை அதன்மீதே நின்றன. பின்னர் உருசிய நாட்டினராகிய ஈகோர் சிசோயெவ் என்பார் 2002இல் எழுதத் தொடங்கி 2004இல் வெளியிட்ட என்ஜின்-எக்ஸ் தோன்றிற்று. இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டைத் தேநீர்க்கடையொன்றை வைத்து விளக்கலாம். அப்பாச்சியின் பழைய முறை, வருகின்ற ஒவ்வொருவர்க்கும் ஒரு பரிசாரகனை நிறுத்துவது போன்றது. அவர் தேநீர் பருகி எழும்வரை அவன் அம்மேசையருகே நிற்பான். பதினாயிரவர் ஒருங்கே வரின் அத்துணைப் பரிசாரகர்க்கு எங்கே போவது? என்ஜின்-எக்ஸ் முறையிலோ, சில பரிசாரகரே ஓரிடத்தும் நில்லாது, யாருக்கு எப்பொழுது யாது வேண்டுமோ அப்பொழுது அதனைக் கொடுத்துவிட்டு அடுத்த மேசைக்குச் செல்வர். அப்பாச்சியும் பிற்காலத்தில் இத்தகைய முறையொன்றைச் சேர்த்துக்கொண்டது. நம்முடையது போன்ற சிறிய தளத்துக்கு இரண்டும் போதியனவே. எது சிறந்தது என்று இளைஞர் செய்யும் வாதம் பெரும்பாலும் பொழுதுபோக்கென்றே நாம் எண்ணுகின்றோம்.

முகில் என்பது பிற்காலத்துச் சொல். நம் பாடநூல்கள் மேகக் கணிமை என்று கூறும். அமேசன் நிறுவனம் 2006இல் தன் பெருங் கணினிக் கூடங்களின் ஒரு பகுதியை மணிக்கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கிற்று. கூகிள் 2008இலும் மைக்ரோசொவ்ற் 2010இலும் அவ்வழியே தம் சேவைகளைத் தொடங்கின. முகில் என்றவுடன் வானத்தில் மிதப்பதொன்று என்று கருதுவார்க்கு ஒன்று சொல்வோம். அது மண்மேல், சுவர்களுக்குள், இரும்புச் சட்டங்களில் அடுக்கப்பட்ட பொறிகளேயாம். பிரான்சின் ஸ்திராஸ்பூர்க் நகரில் இத்தகைய கட்டடமொன்று 2021 மார்ச் 10ஆந் திகதி தீப்பற்றி எரிந்தபோது, காப்புப் பிரதியை வேறிடத்தில் வையாத பலர் தம் தளங்களை மீளாவகை இழந்தனர்.

பலரும் மயங்குமிடம் ஒன்றுண்டு. சொந்த வழங்கி ஒருபுறம், முகில் மறுபுறம் என்று இரண்டே வழிகள் இருப்பதாகப் பேசுகின்றனர். உண்மையில் மூன்று நிலைகள் உள. கல்லூரி விடுதியில் வாழ்ந்தவர்க்கு இஃது எளிதில் விளங்கும். சொந்த வீட்டில் சொந்த அடுப்பில் தாமே சமைத்துண்பது ஒன்று. வாடகை அறை எடுத்து அங்கே தாமே சமைப்பது இன்னொன்று. விடுதியிற் சேர்ந்து, மணியடித்தவுடன் தட்டோடு போய் அமர்வது மூன்றாவது. கல்லூரியின் கணினி அறையில் ஒரு பொறியை வைத்து நடத்துவது முதல்வகை. முகில் நிறுவனத்திடம் வெறும் பொறியை மாத்திரம் வாடகைக்குப் பெற்று, பணிசெயல் முறைமையையும் வழங்கி மென்பொருளையும் நாமே நிறுவி ஒழுங்குசெய்வது இரண்டாம்வகை. நம் பழைய தளம் இவ்வகையினது. நாம் ஏடுகளைக் கொடுத்துவிட, வழங்கியை நிறுவுதல், புதுப்பித்தல், காத்தல் யாவற்றையும் நிறுவனமே செய்வது மூன்றாம்வகை. இதுவே பராமரிப்போடு கூடிய முகிற் சேவை. ஆகவே முகிலில் இருப்பதனாலேயே ஒரு தளம் கவனிக்கப்படுகின்றது என்று கொள்ளலாகாது.

முதல்வகை நமக்கு ஒவ்வாமைக்குக் காரணம் நீள எழுத வேண்டுவதில்லை. 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாவரும் அறிவர். போர்க்காலத்தில் ஆண்டுக்கணக்கில் மின்சாரமின்றிக் குப்பிவிளக்கிற் படித்த தலைமுறையினர்க்கு அது பெரிதன்று. வழங்கிக்கோ அது பெரிது.

இரண்டாம்வகையே ஆராயத்தக்கது. மாதம் 5, 6 டொலருக்கு ஒரு சிறு பொறி கிடைக்கும். லினக்ஸ் முறைமையும் அப்பாச்சி, என்ஜின்-எக்ஸ் ஆகியனவும் இலவசம். ஒரு நாள் உழைப்பில் தளத்தை எழுப்பிவிடலாம். ஏடுகள் இருக்கும் கோப்புறையைக் குறிப்பிடுதல், ஆள்களப் பெயரை அதனோடு பொருத்துதல், 80, 443 என்னும் இரு வாயில்களைத் திறந்து ஏனையவற்றைத் தீச்சுவரால் மூடுதல், கோப்புகளை யார் எழுதலாம் யார் படிக்கலாம் என வரையறுத்தல் என்பன கற்றுக்கொள்ளக் கடினமானவையல்ல. ஓர் அரைப்புள்ளி விடுபடின் என்ஜின்-எக்ஸ் எழும்ப மறுக்கும். முதன்முறை அவ்வாறு நிகழ்ந்தபோது பரீட்சை மண்டபத்தில் விடை மறந்தவர்போல நாம் விழித்துக்கொண்டிருந்தோம். அமைப்பைச் செயற்படுத்துமுன் பிழைபார்க்கும் கட்டளையொன்று உண்டென்பதைப் பின்னரே அறிந்தோம்.

தொல்லை எழுப்புவதில் இல்லை. எழுப்பியதன் பின்னேதான் உண்டு. புதிய பொறியொன்று இணையத்தில் தோன்றிய அன்றே, உலகின் எம்மூலையிலோ இருக்கும் தானியங்கு நிரல்கள் அதன் கதவைத் தட்டிக் கடவுச்சொற்களை ஒன்றன்பின் ஒன்றாக இட்டுப் பார்க்கும். பதிவேட்டைத் திறந்து பார்ப்பின் அம்முயற்சிகள் வரிசை வரிசையாகக் காணப்படும். கடவுச்சொல்லை விலக்கி மறைகுறியாக்கச் சாவியால் மாத்திரம் புகுமாறு செய்தல் வேண்டும். குறைகள் கண்டுபிடிக்கப்படுந்தோறும் மென்பொருளைத் திருத்துதல் வேண்டும். 2014 ஏப்பிரலில் ஓப்பின் எஸ்.எஸ்.எல். என்னும் மறைகுறியாக்க நூலகத்திற் பெருங்குறையொன்று வெளிப்பட்டபோது, உலகெங்கும் வழங்கிகளைக் காப்போர் உடனே அதனைத் திருத்தவேண்டியவராயினர். அத்தகைய நாளொன்றில் நம் சங்கத்தில் யார் எழுந்து அமர்வார்?

சான்றிதழைப் பற்றியும் சொல்லல் வேண்டும். லெற்ஸ் என்கிறிப்ற் என்னும் அமைப்பு 2015 இறுதியிலிருந்து சான்றிதழ்களை இலவசமாக வழங்கி வருகின்றது. ஒவ்வொன்றும் 90 நாளே செல்லுபடியாகும் என்பது அதன் தொடக்க வழக்கம். 2025 ஏப்பிரலில் மேலோடி நிறுவனங்களும் சான்றிதழ் வழங்குவோரும் கூடி, எல்லாச் சான்றிதழ்களின் உச்ச ஆயுளையும் 2026 மார்ச்சில் 200 நாளாகவும், 2027 மார்ச்சில் 100 நாளாகவும், 2029 மார்ச்சில் 47 நாளாகவும் குறைப்பதெனத் தீர்மானித்தனர். எனவே கையாற் புதுப்பித்தல் இனி ஆகாத காரியம். தானாக நிகழும் ஏற்பாடு வேண்டும்; அவ்வேற்பாடு நிகழ்கின்றதா என்று பார்க்கும் கண்ணும் வேண்டும். நம்மிடம் முன்னது இருந்தது, பின்னது இருக்கவில்லை.

காவலின்மை எத்துணைப் பெரிய இடத்திலும் கேடு விளைக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. இலங்கை அரச முகில் என்று பெயர் பெற்ற அமைப்பு, அரச திணைக்களங்களின் மின்னஞ்சலைக் காத்து வந்தது. 2023 ஓகஸ்ட் இறுதியில் அது பணயத் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் கொள்ளை அது. ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அவ்வாண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீட்கப்படாது போயின. அங்கு இயங்கிய மின்னஞ்சல் மென்பொருள் 2013ஆம் ஆண்டின் பதிப்பு. அதனை ஆக்கிய நிறுவனம் அதற்கான ஆதரவைத் தாக்குதலுக்குச் சில மாதங்கள் முன்பே நிறுத்தியிருந்தது. புதுப்பிக்கும் எண்ணம் முன்னரே இருந்தும், நிதிக்குறையாலும் தீர்மானங்களின் தாமதத்தாலும் நிறைவேறவில்லை என்று கூறப்பட்டது. இணைப்பிலிருந்த காப்புப் பிரதிகளும் தாக்குதலிற் சிக்கின. இணைப்பின்றித் தனியே வைத்த பிரதி அக்காலப் பகுதிக்கு இருக்கவில்லை. முகில் என்னும் பெயர் பலகையில் இருந்தது; பணியோ சொந்த வழங்கியின் பணியே. அரசாங்கத்துக்கே அது கடினமாயின், ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு நிறைவெண் சேர்க்கத் தவிக்கும் நம் சங்கத்துக்கு எவ்வாறிருக்கும் என்பதை வாசகரே சிந்திக்க.

அங்ஙனமாயின் மூன்றாம்வகையே சிறந்ததெனத் தீர்த்துவிடலாமோ? அவசரம் வேண்டா. விடுதிச் சாப்பாட்டுக்கும் குறைகள் உள.

முதலாவது பணம். முகில் நிறுவனங்கள் டொலரிற் கேட்கும். 2022 தொடக்கத்தில் டொலரொன்று 200 ரூபாவை அண்டி நின்றது. மே மாதத்தில் 360 ரூபாவாயிற்று. மாதம் 6 டொலர்க் கட்டணம் 1,200 ரூபாவிலிருந்து 2,160 ரூபாவுக்கு ஏறிற்று. நாம் பெற்ற சேவையோ அணுவளவும் கூடவில்லை. அன்றியும் பெரிய நிறுவனங்கள் சேமிப்புக்கு வேறு, வெளிச்செல்லும் தரவுக்கு வேறு எனக் கட்டணம் பிரித்து விதிக்கும். அமேசனில் மாதத்தின் முதல் 100 கிகாபைற்று கடந்தபின், அமெரிக்க நிலையங்களிலிருந்து வெளிச்செல்லும் ஒவ்வொரு கிகாபைற்றுக்கும் 9 அமெரிக்க சதம் என்பது நெடுநாள் விதி. நிறைவு விழாவின் ஒளிப்படமொன்றை உலகெங்குமுள்ள பழைய மாணவர் ஒரே வாரத்திற் பார்ப்பின் பட்டியல் எவ்வளவுக்கு ஏறும் என்று முன்கூட்டிச் சொல்லல் அரிது. ஆகவே மாதக் கட்டணம் வரையறுத்த சேவையையே சங்கங்கள் நாடுதல் வேண்டும்.

இரண்டாவது, இலவசத்தை நம்பலாகாமை. ஹெரோக்கு என்னும் சேவை பல்லாண்டு இலவசமாகத் தளங்களை ஏற்றது. மாணவர் பலர் தம் முதல் நிரலை அங்கேதான் அரங்கேற்றினர். 2022 நவம்பர் 28இல் அவ்விலவசம் முடிந்தது. அறிவித்தே முடித்தனர்; ஆயினும் அறிவித்தலைப் படிப்பார் இல்லாத தளங்கள் மறைந்தன.

மூன்றாவதைச் சிலர் நம்பமாட்டார். பேரளவான நிறுவனமே பிழை செய்தலும் உண்டு. 2024 மே மாதத்தில், 6 இலட்சத்துக்கு மேற்பட்ட அங்கத்தவரைக் கொண்ட அவுஸ்திரேலிய ஓய்வூதிய நிதியமாகிய யூனிசுப்பரின் தனியார் முகிற் சந்தா கூகிள் முகிலில் அழிந்துபோயிற்று. அதனைத் தொடங்கிய வேளையில் ஓரிடத்தை நிரப்பாது விட்டமையால், ஓராண்டு முடிவில் அழிக்குமாறு பொறி தானே விளங்கிக்கொண்டதாம். இரு வேறிடங்களில் வைத்த பிரதிகளும் ஒரே சந்தாவினவாதலின் ஒருங்கே அழிந்தன. வேறொரு நிறுவனத்திடமும் காப்புப் பிரதி வைத்திருந்தமை நிதியத்தை மீட்க உதவிற்று. மீளவும் ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று.

முகிலை விட்டு வெளியேறினாரும் உளர். அமெரிக்காவின் 37சிக்னல்ஸ் நிறுவனம் 2022இல் முகிலுக்கு 32 இலட்சம் டொலர் செலவிட்டது; பின் ஏறக்குறைய 7 இலட்சம் டொலருக்குப் பொறிகளை வாங்கி, 2023இல் தன் சேவைகளைச் சொந்தப் பொறிகளுக்கு மாற்றிச் செலவைப் பெரிதும் குறைத்தது. மறுதலையாக நெற்பிளிக்ஸ் நிறுவனம், 2008இல் தன் தரவுத்தளம் பழுதாகி மூன்று நாள் ஒளித்தட்டு அனுப்பவியலாது நின்றமையால், முகிலை நோக்கிப் புறப்பட்டு 2016 தொடக்கத்தில் அம்மாற்றத்தை முடித்தது. இருசாராரும் தத்தம் வழியே சரியெனக் காட்டுவர். ஆயின் இருவரிடமும் இதனையே தொழிலாகக் கொண்ட தேர்ந்த பொறியியலாளர் உளர். நம்மிடம் சனிக்கிழமை மாலைகளில் ஓய்வு கிடைக்குமாயின் வரும் இருவர் உளர். 37சிக்னல்ஸைக் காட்டிச் சொந்த வழங்கி வேண்டுமென வாதிடும் நம் நண்பர்கள் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

இவையாவும் ஆராய்ந்தபின் நாம் செயற்குழுவின் முன் வைத்த கருத்து இது. நம் தளத்தில் அடங்குவன பழைய மலர்களும் படங்களும் பெயர்ப்பட்டியலுமே. இவை கணத்துக்குக் கணம் மாறுவனவல்ல. தரவுத்தளமும் உள்நுழைவும் இவற்றுக்குத் தேவையில்லை. எனவே வெறும் ஏடுகளாகிய நிலைத்த பக்கங்களாக ஆக்கிக் கட்டணம் வரையறுத்த பராமரிப்புச் சேவையொன்றில் வைத்தல் போதும். இயங்கும் நிரல் தளத்தில் இல்லையெனின் திருடர் புகுதற்கு வாயில் குறையும். ஒரு நிறுவனம் கதவடைப்பின் அவ்வேடுகளை அவ்வாறே எடுத்து மற்றொன்றுக்குச் செல்லலாம். ஆள்களப் பெயர் தனியொருவர் பெயரிலன்றிச் சங்கத்தின் பெயரிற் பதிவாதல் வேண்டும். கட்டணம் பொருளாளரூடாகச் சங்கக் கணக்கிலிருந்து செல்லல் வேண்டும். நினைவூட்டல் மடல்கள் மூவருக்கேனும் சேரல் வேண்டும்.

காப்புப் பிரதியை நாம் எந்நிறுவனத்திடமும் விடுவதாயில்லை. இணைப்பின்றி வைக்கும் வன்தட்டுகள் இரண்டில், ஒன்று கல்லூரி நூலகத்திலும் மற்றொன்று கொழும்புக் கிளையிலும் இருக்கும். 1981இல் யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. ஓலைச்சுவடிகளுள்ளும் வேறெங்கும் பிரதியில்லாதன இருந்தன. அவ்விரவை நினைவிற் கொண்ட மூத்தோரிடம் ஒரே இடத்தில் ஒரே பிரதியின் ஏதத்தைப் பற்றி நாம் பேசவேண்டியதில்லை. ஆண்டுக்கொருமுறை அவ்வன்தட்டுகளைத் திறந்து, படங்கள் விரிகின்றனவா என்று பார்க்கவும் வேண்டும். 2017 சனவரி 31இல் கிற்லாப் நிறுவனத்தார் தம் தரவுத்தளத்தைத் தவறுதலாக அழித்தபோது, அவர்களுடைய ஐவகைக் காப்பு ஏற்பாடுகளில் ஒன்றும் உரியவாறு இயங்கவில்லை எனக் கண்டனர். தற்செயலாக ஆறு மணித்தியாலம் முன் எடுத்த பிரதியொன்றாலே பிழைத்தனர்.

சொந்த வழங்கியை முற்றாகக் கைவிடுமாறு நாம் கூறினோமல்லோம். கணினி அறையில், உள்ளகை அளவான ராஸ்பெரி பை என்னும் சிறு பொறியொன்றில், உயர்தர வகுப்பு மாணவர் என்ஜின்-எக்ஸ் நிறுவிப் பழகுதற்கு ஒழுங்கு செய்யப்பட்டுள்ளது. கல்லூரி வலையமைப்புக்கு வெளியே அது தெரியாது. அவர்கள் அதனைக் கெடுக்கலாம், மீண்டும் எழுப்பலாம், அரைப்புள்ளியைத் தேடி ஒரு பிற்பகலைக் கழிக்கலாம். விடுதியில் உண்பவனுக்கும் உலை வைக்கத் தெரிந்திருத்தல் வேண்டுமென்பது நம் கட்சி. நூலகத்துக்கு வரும் பழைய மாணவர் அதனைப் பார்க்க விரும்பின் மாணவர் மகிழ்வோடு காட்டுவர்.

புதிய தளத்தில் மலர்கள் ஏறத் தொடங்கிவிட்டன. படங்களின் பகுதி மாத்திரம் வெறுமையாயிருக்கின்றது. முன்னர் நமக்குப் படங்களை இரவல் தந்த அன்பர்களும், அவர்தம் மக்களும், தம்மிடம் உள்ளவற்றை இன்னொருமுறை தந்துதவ வேண்டுகின்றோம். படத்தின் பின்புறத்தில் ஆண்டும் நிற்பவர் பெயரும் எழுதியிருப்பின் அதனையும் சேர்த்தே வருடுவோம். கல்லூரி நூலகத்திற் சனிக்கிழமைகளிற் பிற்பகல் இரண்டு மணி முதல் ஐந்து மணிவரை நம்மவர் இருவர் இருப்பர். கொண்டுவருவோர் காத்திருந்து மூலப்படத்தைக் கையோடு பெற்றுச் செல்லலாம்.